சிரிப்பரசியின் நாலாம் பாகம்

ஒரு நாள் காலை, பெரிய மார்க்கெட்டில், பெர்னதெத்துக்கு முன்னாலேயே பெர்னதெத்தின் குரல் வந்து நண்டு விலை கேட்டுக்கொண்டிருந்தது.

பெர்னதெத் அப்போதுதான் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிக் கூடையோடு மீன் பக்கம் திரும்பியிருந்தாள். எதிரே டீக்கடையில் பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடை மரப்பலகையில் ஒரு டேப் ரெக்கார்டர். அதற்குள்ளிருந்து பெர்னதெத், "நண்டு உயிரோட இருக்கான்னு எப்பிடிப் பாக்கறது?" என்று கேட்டாள். உடனே அவளே மீன்காரி குரலில், "விரலை நீட்டிப் பாரும்மா, அதுவே சொல்லும்!" என்றாள். டீக்கடையே அதிர்ந்தது. ஒருத்தர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த டீ மூன்று கடை தாண்டிப் பூக்காரி மல்லிகையில் போய் விழுந்தது. அன்று அந்தப் பூவை வாங்கிய பெண்களெல்லாம் நாள் பூரா ஏலக்காய் மணத்தோடு திரிந்தார்கள்.

வெளியே நின்ற பெர்னதெத் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தக் கதையைச் சொன்னது ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள் கடல் தாண்டி, பிரான்சில் துலோன் என்ற பட்டணத்தில் இருந்தான். அவளுடைய அண்ணன் பிரான்சுவா.

பெர்னதெத்துக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ரெட்டியார்பாளையத்தில் கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. பிள்ளைகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும்போது போடுகிற புதுநன்மை கவுன் தைப்பதில் அவளுக்கு மிஞ்சிய கை அந்த வட்டாரத்தில் கிடையாது. அவள் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டால் வாலில்லாத குரங்கும் வானதூதர் ஆகிவிடும் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "மாப்பிள்ளைங்க அளவு சரியா வரல, பிரிச்சுத் தைக்க நேரமில்ல" என்பாள்.

அண்ணனுக்கு மாதம் ஒரு கேசட் பேசி அனுப்புவது அவள் வழக்கம். பிரான்சில் ஆள் இருக்கிற புதுச்சேரி வீடுகளில் அப்போதெல்லாம் கடிதம் எழுதுவது குறைந்து, கேசட்டில் பேசி அனுப்புவதுதான் நடப்பு. லீவில் வந்து திரும்புகிறவர்கள் பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் நடுவில் நாலு வீட்டுக் கேசட்டாவது இருக்கும். பெர்னதெத் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, "டேப் ஓடுதா?" என்று தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். கோயில் மணி அடிக்கும்வரை காத்திருந்து, அண்ணன் காதுக்கு அதை முதலில் அனுப்புவாள். அப்புறம் வீட்டுச் சேதி. அப்புறம்தான் கதை. கண்டக்டர், சாமியார், ரேஷன் கடைக்காரர், மீன்காரி கன்னியம்மாள், எல்லோரும் அவள் தொண்டைக்குள் வரிசையாக வந்து பேசிவிட்டுப் போவார்கள். கோயில் மணியைக்கூட அவளே வாயால் அடிப்பாளோ என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தும்மியதை மணி என்று நினைத்து எட்டுப் பேர் பூசைக்குப் போய்விட்டார்களாம்.

ஒரு கேசட்டை நம்பி அனுப்ப முடியாது. வழியில் தொலையும், நாடா சிக்கிக்கொள்ளும். அதனால் ரெண்டாவது காப்பி ஒன்று போட்டு, வேறொரு ஆளிடம் கொடுத்து அனுப்புவார்கள். முதலாவது போய்ச் சேராவிட்டால் ரெண்டாவதாவது சேருமே. அந்த ரெண்டாவது காப்பிக்குத்தான் எல்லா வீடும் மார்க்கெட் பின்சந்திலிருந்த ராகமாலிகா ரெக்கார்டிங் சென்டருக்குப் போனது. வீட்டு ரகசியத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மூடி மூடிப் பேசி, அதைக் கொண்டுபோய்க் கடைக்காரர் கையில் முழுசாகக் கொடுத்துவிட்டு வருகிற புத்தி நம் ஊருக்கு மட்டும்தான் உண்டு.

கடைக்காரர் பெயர் ஜானகிராமன். முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் பச்சை மசிப் பேனா, வாயைத் திறந்தால் "அதாவது பாருங்க". பெர்னதெத் நேரே அங்கே போனாள். கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கேசட். அட்டையில் உதட்டுச் சாயம் பூசிய ஒரு பெண் படம். மேலே, 'சென்னை புகழ் சிரிப்பரசி சிங்காரவல்லி. பாகம் 1, 2, 3.'

"இது என் குரல்" என்றாள் பெர்னதெத்.

"அதாவது பாருங்க, இது மாஸ்டர் பிரிண்ட். மெட்ராஸ்லேர்ந்து நேரா வந்தது."

"மெட்ராஸ்லேர்ந்து வந்ததுல ரெட்டியார்பாளையம் ரேஷன் கடைக்காரர் எப்பிடிங்க பேசறாரு?"

"எல்லா ஊர்லயும் ரேஷன் கடை இருக்குதும்மா. அதாவது பாருங்க, ஒரே மாதிரி குரல் ஆயிரம் பேருக்கு இருக்கும். குரல்ல உங்க பேர் எழுதியிருக்கா?"

"மூணு மாசமா உங்ககிட்டதான் ரெண்டாவது காப்பி போட்டேன்."

"போட்டுக் குடுத்தேனா இல்லியா? குடுத்தேன்ல? அப்புறம் என்ன?"

கேசட்டின் தலையிலிருந்த கோயில் மணியையும், "அண்ணே, சௌக்கியமா"வையும் வெட்டியிருந்தார். வாலிலிருந்த "முத்தங்களுடன் தங்கச்சி"யையும் வெட்டியிருந்தார். நடுவிலிருந்த கதை மட்டும் கடையில் விற்றது. பெர்னதெத் சண்டை போடத் தெரியாதவள் அல்ல. ஆனால் அன்றைக்கு, நாற்பது பேர் குரல் குடியிருந்த தொண்டையில் அவள் குரல் மட்டும் வரவில்லை.

கடை வாசலில் சணலில் கட்டித் தொங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. எந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதிவைக்கத்தான் ஜானகிராமன் அதை மாட்டினார். நாளடைவில் ஊர் அதில் பேச ஆரம்பித்துவிட்டது. யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. முகம் பார்த்தால் வாயே திறக்காத ஆசாமிகள் புனைபெயர் வைத்துக்கொண்டால் புலியாகிவிடுவார்கள். 'கோபக்காரத் தமிழன்' என்று ஒருவர். சங்கதி என்னவானாலும் கிரிக்கெட்டைத் திட்டி முடிப்பார். 'உப்பளம் ஊமையன்' பக்கம் பக்கமாகப் பேசுவார். ஒருவர் எழுதியதன் கீழே இன்னொருவர், அதன் கீழே மற்றொருவர். இடம் போதாமல் ஓரத்தில், ஓரமும் போதாமல் தாளை ஒட்டி. வாரா வாரம் சணல் நீண்டுகொண்டே போய், நோட்டுப் புத்தகம் தரையைத் தொட்டது.

பெர்னதெத் அதில் எழுதினாள். 'சிங்காரவல்லி என்பது என் குரல். என் அண்ணனுக்காகப் பேசியது. என்னைக் கேட்காமல் எடுத்தது. பெர்னதெத், தையல்காரி, ரெட்டியார்பாளையம்.' அந்தப் புத்தகத்தில் சொந்தப் பெயரும் ஊரும் போட்டு எழுதிய முதல் ஆள் அவள்தான்.

பற்றிக்கொண்டது. ஒரே வாரத்தில் பதினான்கு பக்கம்.

'தையல்காரி தையலைப் பார்க்கட்டும்' என்று பெயரில்லாத ஒருவர். 'ஊர்வம்பைப் பேசுகிறவள் ஊரைக் கேட்டாளா?' என்று உப்பளம் ஊமையன். 'பெயர் போட்டு விற்றால் கடைக்காரருக்குக் கை தேய்ந்தா போகும்?' என்று ஒரு நல்ல ஆத்மா. 'கையில் கேசட் உள்ளவன்' என்பவர் எழுதியதுதான் எல்லோரையும் குத்தியது: 'பன்னிரண்டு சினிமாப் பாட்டுக்குப் பட்டியல் எழுதிக் கொண்டுவந்து இதே கடையில் பதிவுசெய்துகொள்கிறோமே, பாடினவரைக் கேட்டோமா? இந்தப் புத்தகத்தில் எழுதுகிறவர்களில் யோக்கியன் யார், கை தூக்கு.' அதன் கீழே இரண்டு நாள் யாரும் எழுதவில்லை. மூன்றாம் நாள் கோபக்காரத் தமிழன் கிரிக்கெட்டைத் திட்டினார்.

பிறகு அழகான பச்சை மசியில் 'சட்டம் தெரிந்தவன்' வந்தார். 'காற்றில் வரும் குரலுக்குப் பட்டா கிடையாது. காதில் விழுந்தது கேட்டவனுக்குச் சொந்தம். யார் குரலையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், பேசலாம், விற்கலாம். கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை.' உடனே கீழே 'நடுநிலையாளன்': 'இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் தெரிந்தவன் சொல்வதே சரி.' அதன் கீழே 'பொதுஜனம்': 'இத்தனை பேரைச் சிரிக்கவைக்கும் கடைக்காரரின் சேவையை ஏன் ஒருவரும் பாராட்டவில்லை?' அந்த இருவருக்கும்கூடப் பச்சை மசிதான் கிடைத்திருந்தது.

பெர்னதெத் வீட்டுக்கு வந்து தன் அலமாரியைத் திறந்தாள். அதில் சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்று இருந்தது. பன்னிரண்டு பாட்டு, அவளே பட்டியல் கொடுத்தது. ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தையல் பென்சிலை எடுத்து, தெரிந்தவரையில் ஒவ்வொரு பாட்டுக்கு எதிரேயும் பாடினவர் பெயரை எழுதினாள். அதனால் பாடினவருக்கு ஒன்றும் போய்ச் சேராது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுதினாள்.

அடுத்த அடி துலோனிலிருந்து வந்தது. பிரான்சுவா கேசட் அனுப்பவில்லை, ஒரு பக்கத்துக் கடிதம் அனுப்பியிருந்தான். லீவு முடிந்து வந்த ஒருவர் அவனுக்குச் சிங்காரவல்லி கேசட்டைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். 'பெர்னதெத், முதல் வார்த்தையிலேயே உன் குரல் தெரிந்துவிட்டது. அம்மா இறந்த மாதம் நான் சாப்பிடாமல் கிடந்தபோது என்னைச் சிரிக்கவைக்க நீ சொன்ன நண்டுக் கதையும் அதில் இருக்கிறது. எனக்கென்று சொன்னாய் என்று நினைத்தேன். விற்பதற்கு என்று தெரியாது. இனிமேல் கேசட் வேண்டாம். கடிதம் போதும்.'

அந்த வாரம் தைத்த கவுனில் கை இரண்டும் இடம் மாறிவிட்டன. பெர்னதெத் தைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

பக்கத்து வீட்டு அமலநாதன் கடிதத்தைப் படித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். மீசை அவருக்கு இரண்டடி முன்னால் போகும்.

"மொன் தியே, கடவுளே! நான் எழுதறேன் அவனுக்கு. தங்கச்சியைப் போய்..."

"எழுதினா நம்ப மாட்டான் மாமா. நான் சொல்லித்தான் நீங்க எழுதறீங்கன்னுவான். எடுத்தவன் வாயாலயே 'நான்தான் எடுத்தேன், கேக்காம எடுத்தேன்'னு அவன் காதுல விழணும். அதுக்குக் கொறைஞ்சு எதுவும் எனக்கு வேணாம்."

அண்ணன் அவளை நம்ப வேண்டும். அந்தக் குரலுக்கு மேலே அவள் பெயர் இருக்க வேண்டும். வேண்டியது இவ்வளவுதான். அதற்கு முதலில் கன்னியம்மாளைப் பார்க்க வேண்டியிருந்தது. உப்பளம் ஊமையன் கேட்ட கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

கன்னியம்மாள் கனகசெட்டிக்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் கொண்டுவந்து மார்க்கெட்டில் விற்பவள். அவள் கூவினால் செத்த மீன் ஒரு தடவை கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் செத்துப்போகும். அன்றைக்கு அவள் பெருங்கோபத்தில் இருந்தாள்.

"வாம்மா தையல்காரி! கேளு இந்த அநியாயத்த. நான் பாட்டுக்கு, 'இந்த வஞ்சிரத்தோட கண்ணப் பாரு, உன் மாமியாரவிட நல்லா முழிக்குது'ன்னு கூவறேன். ஒருத்தன் வந்து, 'இன்னா ஆயா, சிங்காரவல்லி கேசட்ட மனப்பாடம் பண்ணிட்டியா?'ன்றான். எம் பேச்ச நான் எவகிட்ட காப்பி அடிக்கணும்? இருபது வருசமா இதே எடத்துல இதே வாய் தானே! அந்தச் சிங்காரவல்லி மட்டும் எங்கையில கெடைச்சா, செதிலு எடுத்துடுவேன்."

பெர்னதெத் கூடையைக் கீழே வைத்தாள். "செதில எடுங்கக்கா. நான்தான் சிங்காரவல்லி."

கன்னியம்மாள் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

பெர்னதெத் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன், கேசட், கடை, கடிதம். கடைசியில், "அவன் என்னைக் கேக்காம எடுத்தான். நான் உங்களைக் கேக்காம எடுத்தேன். அவன் வித்தான், நான் விக்கல. ஆனா கேக்காதது கேக்காததுதான்" என்றாள்.

கன்னியம்மாள் கால் மணி நேரம் திட்டினாள். அந்தத் திட்டில் பெர்னதெத்தின் ஏழு தலைமுறை ஒரு சுற்று வந்து, மூச்சு வாங்கி, மறு சுற்றும் போனது. காகங்கள் கத்துவதை நிறுத்திவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டன. பெர்னதெத் தலை குனிந்து முழுசும் கேட்டாள். திட்டு தீர்ந்ததும் கன்னியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி, பேசிக் காட்டு."

"என்ன?"

"என்னைப் போலப் பேசறியாமே. எம் மூஞ்சி முன்னாடி பேசு பாப்போம்."

பெர்னதெத் பேசினாள். மூன்று வார்த்தைதான். மூன்று வாடிக்கையாளர்கள் திரும்பி, கன்னியம்மாளிடம், "எவ்ளோ ஆயா?" என்றார்கள். கன்னியம்மாள் வாயைத் திறக்கவே இல்லையே! சிரிக்க ஆரம்பித்தவள், மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப் பாவி! மூக்கால இழுக்கறதைக்கூட விடலியே. சரி, அவனை இன்னா பண்ணப் போற?"

"உங்க வாயில இருக்கறதைத் தந்தீங்கன்னா, அவன் வாயாலயே அவனைப் பேச வைக்கப் போறேன்."

"கேட்டுட்ட இல்ல? எடுத்துக்கோ. ஆனா நானும் அதுல பேசுவேன். என் வாயால."

மாசி மகம் நெருங்கியது. வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர் ஊராகச் சாமிகள் கடலாட வரும். ஜனம் மணலைவிட அதிகமாக இருக்கும். ஜானகிராமன் அங்கே கடை போடுவதாகவும், சிரிப்பரசியின் நாலாம் பாகம் அன்றைக்கு வெளிவரும் என்றும் தட்டி எழுதி வைத்துவிட்டார். தட்டி வந்துவிட்டது. நாலாம் பாகம்தான் எங்கிருந்து வரும் என்று அவருக்கே தெரியவில்லை. மகத்துக்கு நாலு நாள் முன்பு, மீசை முன்னே வர அமலநாதன் கடைக்குள் நுழைந்தார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு பிரான்சுக்கு அனுப்பற கேசட். அதுக்கு இங்க வர வெக்கமா இருக்குதாம். ரெண்டாவது காப்பி ஒண்ணு."

ஜானகிராமன் கேசட்டைப் போட்டு இரண்டு நிமிடம் கேட்டார். கோயில் மணி. "அண்ணே, சௌக்கியமா." அப்புறம் அதே குரலில் ஒரு கண்டக்டர் கதை. போதும். தலை எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டது. அவரிடம் இரட்டை டெக் மிஷின் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் வேகப் பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரக் கேசட் அரை மணியில் காப்பியாகிவிடும். அந்த வேகத்தில் கேட்டால் யார் பேசினாலும் அணில் சண்டை மாதிரிதான் இருக்கும். நாலு நாளில் நூற்றைம்பது கேசட் போட வேண்டிய ஆள் எதைக் கேட்பார்? அணில் சண்டை இரவு பகலாக நடந்தது. மிஷின் சூட்டில் கடைப்பையன்கள் அப்பளம் சுட்டார்கள் என்பது கொஞ்சம் கூடுதல். ஆனால் சூடு நிஜம்.

மகத்தன்று காலை பத்து மணிக்குக் கடற்கரை நிரம்பி வழிந்தது. ஜானகிராமன் கடை மேல் இரண்டு ஒலிபெருக்கி. பச்சை மசியில் பெயர் எழுதிய கேசட் அடுக்கடுக்காக. பெர்னதெத் நீலச் சேலையில் வந்து நின்றாள், பக்கத்தில் கன்னியம்மாள். அமலநாதன் தோளில் துண்டு. துண்டுக்குள் பெர்னதெத்தின் டேப் ரெக்கார்டர், புது பேட்டரியோடு.

"டேப் ஓடுதா மாமா?"

"வொயாலா, இதோ ஓடுது."

நாலாம் பாகம் ஆரம்பித்தது. கண்டக்டர் கதைக்கு ஜனம் சிரித்தது. சாமியார் கதைக்குச் சாமி தூக்க வந்தவர்கள் தோள் குலுங்க, சாமியே கொஞ்சம் ஆடியது. கேசட் கைமாறி கைமாறிப் போனது. ஜானகிராமன் திருப்தியாக ஒரு போண்டாவை எடுத்து முழுசாக வாயில் போட்டார்.

ஒலிபெருக்கி, "அதாவது பாருங்க" என்றது.

ஜனம் முழுக்க ஜானகிராமன் பக்கம் திரும்பியது. அவர் ஏதோ பேசப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் வாயில் போண்டா. ஆனால் அவர் குரல் வானத்திலிருந்து பேசிக்கொண்டே போனது.

"அதாவது பாருங்க, நம்மகிட்ட எல்லாமே மாஸ்டர் பிரிண்ட். மெட்ராஸ்லேர்ந்து நேரா வருது. மெட்ராஸ் எங்க இருக்குன்னு கேக்காதீங்க. ரெட்டியார்பாளையத்துல, ஒரு தையல் மிஷினுக்குப் பக்கத்துல இருக்கு. அங்க ஒரு தங்கச்சி அண்ணனுக்குப் பேசி அனுப்புது. ரெண்டாவது காப்பி போட எங்கிட்ட குடுக்குது. நான் மூணாவது போட்டுக்கறேன். தலைய வெட்டிட்டேன், வாலை வெட்டிட்டேன், நடுத்துண்டம் நமக்கு! சிங்காரவல்லியா? அவங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. ஏன்னா, அதாவது பாருங்க, அவங்க இன்னும் பொறக்கவே இல்ல."

தொடர்ந்து, பெர்னதெத் பேசிக் காட்டியதல்ல, கன்னியம்மாளின் சொந்தக் குரல். "இருபது வருசமா மீன் விக்கறேன். நடுத்துண்டத்த வித்துட்டு, தலை எங்கடான்னு கேட்டா, இந்த மீனுக்குத் தலையே கெடையாதுன்னு சொன்ன ஆள இப்பத்தாண்டா பாக்கறேன்!"

அன்றைக்கு எழுந்த சிரிப்பில் அலை ஒன்று பாதியில் நின்று, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். ஜானகிராமன் மிஷினை நிறுத்தப் பாய்ந்தார். "ஓடட்டும்! ஓடட்டும்!" என்று ஜனம் கத்தியது. போண்டாவை எப்படியோ விழுங்கிவிட்டு அவர் பெர்னதெத்தைப் பார்த்துக் கத்தினார்.

"எங்குரல நீ எப்பிடி எடுக்கலாம்? யாரக் கேட்டு எடுத்த?"

பெர்னதெத் கூடைக்குள்ளிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். கடையை மகத்துக்காக மூடிக்கொண்டு வந்தவர் வாசலில் தொங்கியதை மறந்துவிட்டார். சணலோடு அவிழ்த்து வந்திருந்தாள்.

"உங்களக் கேட்டுத்தாங்க எடுத்தேன். இதோ எழுதிக் குடுத்திருக்கீங்க. 'யார் குரலையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், பேசலாம், விற்கலாம். கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை.'"

"அது... அது சட்டம் தெரிஞ்சவன்னு எவனோ எழுதினது."

அமலநாதன் ஒரு கேசட்டை எடுத்து, அதன் பச்சை எழுத்தைப் புத்தகத்தின் பச்சை எழுத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். முன்வரிசை பார்த்தது. பின்வரிசைக்குச் சொன்னது. "நடுநிலையாளனும் இவருதான்டோய்!" என்று ஒரு குரல். "பொதுஜனமும் இவரே!" என்று இன்னொன்று. "அப்ப நாங்கள்லாம் யாருய்யா?" என்று பொதுஜனம் முழுசும் கேட்டது.

ஜானகிராமன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். எதிரே மூவாயிரம் பேர். அதில் பாதிப் பேர் வீட்டுக் கேசட் அவர் கடையில் காப்பியானது. அதுவரைக்கும் சிரித்தவர்கள் அதை நினைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"சொல்லுங்க" என்றாள் பெர்னதெத், சின்னக் குரலில். அது அவளுடைய சொந்தக் குரல். "எங்க அண்ணன் கேக்கறாப்பல சொல்லுங்க."

"ஆமாம்மா. அந்தப் பொண்ணு விக்கல. அதுக்குத் தெரியாது. நான்தான் எடுத்தேன். கேக்காம எடுத்தேன்."

"மாமா?"

"ஓடுது, ஓடுது" என்றார் துண்டுக்குள் கை வைத்திருந்த அமலநாதன்.

அதற்குப் பிறகு நடந்தவை சுருக்கம். அட்டையிலிருந்த உதட்டுச் சாயம் போனது. 'பெர்னதெத், கன்னியம்மாள்' என்று பெயர் வந்தது. தன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று கன்னியம்மாள் ஒரு வாரம் சண்டை போட்டாள். ஆகவே பாதிக் கேசட்டில் அவள் முதலில். யாருடைய வீட்டுக் கேசட்டும் வீட்டுக்காரர் கண் முன்னால்தான் காப்பி ஆக வேண்டும் என்று ஆனது; காப்பி முடியும்வரை உட்கார ஜானகிராமன் ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பெயரும் ஊரும் போடாத எழுத்துக்கு மதிப்பில்லை என்று அமலநாதன் நீல மசியில் எழுதினார். அடுத்த நாளே பாதிப் பேர் ஊமையாகிவிட்டார்கள். கோபக்காரத் தமிழன் மட்டும் பெயர் போட்டார். பெயர் பிரான்சிஸ் சேவியர், கோயிலில் மெழுகுவத்தி விற்கிறவர், பூனைக்கும் பயப்படுகிற ஆள். சினிமாப் பாட்டுப் பட்டியல் வழக்கு மட்டும் தீரவே இல்லை; பெயர் போட்டுக்கொண்டே எல்லோரும் பட்டியல் நீட்டினார்கள்.

கடற்கரையில் பதிந்த கேசட், தலையும் வாலும் நடுத்துண்டமும் சேர்ந்து முழுசாகத் துலோனுக்குப் போனது. ரெண்டாவது காப்பி போடவில்லை. அமலநாதனின் மைத்துனர் அதைச் சட்டைப்பையில் வைத்து, விமானத்தில் தூங்காமல் கொண்டுபோனார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கேசட்டில். பெர்னதெத் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். முதலில் கரகர. அப்புறம் ஒரு மனிதன் சிரிக்கிற சத்தம். நிறுத்த முடியாமல், இருமி, மூக்கைச் சிந்தி, மறுபடியும் சிரிப்பு. அம்மா போனதற்குப் பிறகு அண்ணன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. கடைசியில் அவன் பேசினான்.

"பெர்னதெத், மன்னிச்சிடு. அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுடு. மாசம் ஒண்ணு வரணும், மணியோட. இன்னொண்ணு. இங்க நம்ம ஊர்க்காரங்க பதினேழு வீடு இருக்குது. எல்லாரும் ஒரு காப்பி கேக்கறாங்க. குடுக்கலாமான்னு கேட்டுச் சொல்லு. அந்த மீன்காரம்மாவையும் கேளு."

பெர்னதெத் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். மார்க்கெட்டில் கன்னியம்மாள் ஒரு கூட்டத்துக்கு நடுவில் கூவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்றுதான் பேசினாள்.

"பிரான்சு தேசத்துலேர்ந்து எங்கிட்ட பர்மிசன் கேக்கறாங்களா? குடுத்தேன்னு சொல்லு! பதினேழு வீட்டுக்கும் குடுத்தேன்!" அப்புறம் குரலை இறக்கி, "அட்டையில எம் பேரு முன்னாடி இருக்கறதத்தான் அனுப்பணும், ஆமா" என்றாள்.